அத்தியாயம் 6: ஒரு பருவம், ஒரு கேள்வி

பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் ஒரு கோப்பு உங்கள் பள்ளியிலும் இருக்கும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 22 கேட்கிற கோப்பு அது. பள்ளி மேலாண்மைக் குழு அதைத் தயாரிக்க வேண்டும். மூன்றாண்டுத் திட்டமாகவும், அதற்குள் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று துணைத் திட்டங்களாகவும் இருக்க வேண்டும். அந்தக் கோப்பை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். சுற்றுச்சுவர், கழிப்பறை மராமத்து, தண்ணீர்த் தொட்டி, கூடுதல் வகுப்பறை, ஸ்மார்ட் போர்டு. எல்லாமே தேவைதான், மறுப்பதற்கில்லை. நான்காம் வகுப்பில் எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடினால், பெரும்பாலும் இராது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு நல்ல பூர்வீகம் உண்டு. 1950களின் பிற்பகுதியில், காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது, ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டு, ஊரார் கூடி, ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொண்டார்கள். நிலம் கொடுத்தவர்கள் உண்டு, கட்டடம் கட்டித் தந்தவர்கள் உண்டு, பெஞ்சும் சீருடையும் வாங்கித் தந்தவர்கள் உண்டு. கூரையே இல்லாத பள்ளிகளின் காலத்துக்கு அது சரியான பட்டியல். அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. கூரை வந்துவிட்டது, இலவசப் புத்தகம் வந்துவிட்டது, காலைச் சாப்பாடும் வந்துவிட்டது. பட்டியல் போடும் கை மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது.

இந்த அத்தியாயம் இன்னொரு பட்டியலைப் பற்றியது: எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை, ஏன் வரவில்லை, அதற்கு யார் என்ன செய்யப்போகிறார்கள், செய்தது பலித்ததா. எடுத்துக்காட்டுகளை நத்தம் வட்டாரத்தை வைத்துச் சொல்கிறேன். கரந்தமலை அடிவாரத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளி, 48 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பள்ளியும் அதன் எண்களும் கணக்கு விளங்குவதற்காக நான் எழுதிக்கொண்டவை. புளியமரமும் மாந்தோப்பும் மாசித் திருவிழாவும் நிஜம்.

விழுக்காட்டை நம்பாதீர்கள், பெயரைக் கேளுங்கள்

தகவலுக்கு நம் பள்ளிகளில் பஞ்சமே இல்லை. வருகைப் பதிவேடு, எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளம், சேர்க்கை நீக்கப் பதிவேடு, எண்ணும் எழுத்தும் மதிப்பீடு, சத்துணவுக் கணக்கு, காலை உணவுக் கணக்கு, உயரம் எடை, மூன்றாம் ஐந்தாம் எட்டாம் வகுப்புகளுக்கு 2025 பிப்ரவரியில் நடந்த மாநில அடைவுத் தேர்வின் முடிவுகள். பஞ்சம் வேறு இடத்தில் இருக்கிறது. இத்தனையும் மேலே போகின்றன, திரும்பிக் கீழே வருவது அரிது. ஆசிரியரின் வேலை பதிவேற்றத்தோடு முடிந்துவிடுகிறது. பதிவேற்றுவதே வேலையாகிவிட்டது என்று ஆசிரியர் சங்கங்கள் சொல்லி வருவதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அத்தனை பாடுபட்டுத் திரட்டியதை நாமே ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்காமல் விடுவது இரட்டை நட்டம்.

திருப்பிப் பார்ப்பது எப்படி? வருகையிலிருந்து தொடங்குவோம். நம் பள்ளியில் பிப்ரவரி மாத வருகை 92 விழுக்காடு. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, யாரும் விளக்கம் கேட்டு ஓலை அனுப்ப மாட்டார்கள். இப்போது கணக்கைப் பிரியுங்கள். 48 பிள்ளைகள், 20 வேலை நாட்கள். மொத்தம் 960 பிள்ளை-நாட்கள். 8 விழுக்காடு போனது என்றால் சுமார் 77 நாட்கள். இந்த 77 நாட்கள் 48 பேருக்கும் சமமாகப் பிரிந்திருந்தால் ஆளுக்கு ஒன்றரை நாள். காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து என்று விட்டுவிடலாம். மாறாக, 6 பிள்ளைகள் மட்டும் ஆளுக்கு 8 நாள் வராமல் இருந்து, அதிலேயே 48 நாட்கள் போயிருந்தால்? அது வேறு பள்ளி. அந்த ஆறு பேர் வாரத்தில் இரண்டு நாள் பள்ளியில் இல்லை. விழுக்காடு இரண்டு பள்ளிக்கும் ஒன்றுதான்.

எனவே முதல் வேலை, மாதக் கடைசியில் பதிவேட்டை எடுத்து, பள்ளி நாட்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் தவறவிட்ட பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதுவது. 20 நாளில் 2 நாளைத் தாண்டினால் பெயர் வரும். பத்தில் ஒன்று என்ற அளவு உலகின் பல இடங்களில் புழங்குவதுதான். தொடக்க நிலைக்குச் சட்டம் சொல்லும் 200 வேலை நாட்களில் பத்தில் ஒன்று என்றால் 20 நாள், அதாவது நான்கு வாரப் பாடம்.

இரண்டாவது வேலைக்கு ஒரு சார்ட் தாள் போதும். குறுக்கே ஜூன் முதல் ஏப்ரல் வரை வாரங்கள். ஒவ்வொரு வாரத்திலும் வராதவர்களின் எண்ணிக்கையைப் புள்ளியாக வையுங்கள். புள்ளிகளுக்குக் கீழே, பென்சிலால் ஊரின் நாட்காட்டியை எழுதுங்கள். பள்ளியின் நாட்காட்டியை அல்ல, ஊரின் நாட்காட்டியை. நத்தம் பக்கம் என்றால் ஜூனில் மாம்பழ சீசனின் வால் பகுதி, கல்லாமையும் செந்தூரமும் லாரி ஏறும் நாட்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் ரெடிமேட் சட்டை தைக்கிற வீடுகளில் ராத்திரி பகலாக மிஷின் ஓடும் வாரங்கள். மாசியில் மாரியம்மன் கோயில் திருவிழா: காப்புக் கட்டு, கரந்தமலைத் தீர்த்தம், பூக்குழி, கழுமரம். அதே மாதங்களில் புளி உலுக்கு.

புள்ளிகள் எங்கே குவிகின்றன என்று பாருங்கள். திருவிழா வாரத்தில் எல்லோரும்தான் வரமாட்டார்கள். அது பிரச்சினையே அல்ல, அந்த வாரத்துக்குப் புதுப் பாடம் வைக்காமல் இருந்தால் போதும். புளி உலுக்கும் வாரங்களில் மட்டும் அதே ஆறு பெயர்கள் வந்தால், அதைத்தான் நாம் பிடிக்க வேண்டும். ஆண்டு இறுதித் தேர்வுக்கு முந்தைய வாரங்கள் அவை.

எமிஸ் திரையில் இந்த உறவு தெரியாது. ஊரின் பஞ்சாங்கம் சென்னையில் இருக்கிற கணினிக்கு எப்படித் தெரியும்?

தவறுகளை எண்ணுவது

படிப்பின் தகவலுக்கு வருவோம். இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் மேம்பாட்டுத் திட்டங்கள் சப்பென்று போவது இங்கேதான்.

எண்ணும் எழுத்தும் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியபோது, பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் நிலையால் பிரித்து அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்து வகுப்புகளுக்கும் திட்டம் நீண்டது. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கற்பிப்பது என்ற எண்ணம் மிகச் சரி. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் கணக்கெடுப்பும் இதே போக்கில்தான் எழுத்து, சொல், பத்தி, கதை என்று படி வைத்து, ஒரு பிள்ளையை உட்கார வைத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறது. அந்த முறையை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். 48 பேரையும் இரண்டு ஆசிரியர்கள் ஒரு வாரத்தில் தாராளமாகக் கேட்டுவிடலாம்.

ஆனால் “இவன் மொட்டு, அவள் மலர்” என்பது பிள்ளை எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்லும். நாளைக் காலை என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லாது. அதற்குத் தவறை எண்ண வேண்டும்.

செய்முறை இதுதான். மூன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பத்து வரி எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை படிக்கும்போது உங்கள் கையில் இன்னொரு பிரதி இருக்கட்டும். தடுக்கிய இடத்தில் எல்லாம் ஒரு கோடு. திருத்தாதீர்கள், முகம் சுளிக்காதீர்கள், கோடு மட்டும். படித்து முடித்ததும் கோடுகளை ஐந்து கட்டங்களாகப் பிரியுங்கள்.

முதல் கட்டம், கொம்பும் காலும். கெ, கே, கை இவற்றில் குழப்பம். கொ, கோ, கௌ இவற்றில் பெருங்குழப்பம். எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி வருகிறது அல்லவா, பிள்ளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போகிறது. காலை ‘ர’ என்றே படித்து, ‘கொடி’யைக் ‘கெரடி’ என்று வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. இரண்டாம் கட்டம், குறில் நெடில். மூன்றாவது, ஒற்று விழுங்குவது: ‘பட்டம்’ என்று இருப்பதைப் ‘படம்’ என்று படிப்பது. நான்காவது, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகிப்பது. ஐந்தாவது, ல ழ ள, ர ற, ந ண ன.

ஐந்தாவது கட்டத்தில் ஓர் எச்சரிக்கை. நம் பக்கத்தில் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள். ஒரு பிள்ளை ‘மழை’யை ‘மளை’ என்று படித்தால் அது படிக்கத் தெரியாததால் அல்ல. எழுத்தை அடையாளம் கண்டு, தன் ஊர் நாக்கில் சொல்கிறது. அதை உச்சரிப்புப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள், வாசிப்புக் குறையில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் நத்தம் வட்டாரத்தில் பாதிப் பேர் ‘பின்தங்கியோர்’ ஆகிவிடுவார்கள்.

இப்போது நம் பள்ளியில், நான்கு ஐந்து வகுப்புகளில் எழுத்துக்கூட்டி நிற்கும் பிள்ளைகள் 9 பேர் என்று வைப்போம். கோடுகளைக் கூட்டிப் பார்த்தால் 9 பேரில் 5 பேருக்கு முதல் கட்டம்தான் நிரம்பி வழிகிறது. இது நல்ல செய்தி. “ஒன்பது பேருக்குப் படிக்க வரவில்லை” என்றால் எங்கே தொடங்குவது என்று கை ஓயும். “ஐந்து பேருக்கு ஒகர ஓகார வரிசை பிடிபடவில்லை” என்றால் அது இரண்டு மூன்று வார வேலை. மீதி நால்வரில் இருவர் ஊகிப்பவர்களாக இருக்கலாம். அவர்களுக்குக் கொம்பும் காலும் நடத்தினால் கொட்டாவிதான் வரும். ஒருவருக்குக் கண் பார்வையே சரியில்லாமல் இருக்கலாம். தவறை எண்ணும்போது, பத்தியைக் கரும்பலகையில் எழுதி, அதற்கு அருகே உட்கார்ந்து படித்த அன்று கோடு குறைகிறதா என்றும் பாருங்கள். குறைந்தால் அந்தப் பிள்ளைக்குத் தேவை கண்ணாடி.

வீட்டில் சொல்லிக்கொடுக்கும் தாத்தா பாட்டியிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர்கள் ‘லை’யும் ‘னை’யும் பழைய கொம்பு போட்டு எழுதுவார்கள். அவர்கள்மேல் பிழை இல்லை. பிள்ளைக்குத்தான் இரண்டு பள்ளிக்கூடத்தில் படிப்பது மாதிரி இருக்கும்.

இரண்டு பேரை வைத்துக்கொண்டு குழுவா?

மேம்பாட்டைப் பற்றிய நூல்கள் எல்லாம் ‘தலைமைக் குழு’, ‘தகவல் குழு’, ‘பாடக் குழு’ என்று வரிசையாகப் பேசும். நம் ஊரில் தலைமை ஆசிரியர் ஒருவர், இடைநிலை ஆசிரியர் ஒருவர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் குழுவில் ஒருவர். இதைச் சொல்லிப் பெருமூச்சு விடாத ஈராசிரியர் பள்ளியை நான் பார்த்ததில்லை, பெருமூச்சு நியாயமானதும்கூட.

ஆனால் குழு என்றால் ஆசிரியர்கள் மட்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? யாருக்கு என்ன தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அக்காவுக்கு, எந்தப் பிள்ளை எட்டே காலுக்கே வந்து நிற்கிறது, எது மணி அடித்த பிறகு ஓடி வருகிறது, எது இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறது என்று தெரியும். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தகவல் இது. சத்துணவு அமைப்பாளருக்கு மதியத்தோடு நழுவும் பிள்ளைகள் யார் என்று தெரியும். அங்கன்வாடிப் பணியாளருக்கு அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகிறவர்களை இப்போதே தெரியும். இல்லம் தேடிக் கல்வியில் சொல்லிக்கொடுத்த பெண் ஊரில் இருந்தால், சாயங்காலத்தில் அந்தப் பிள்ளை எப்படிப் படித்தது என்று அவருக்குத் தெரியும். மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் சொல்வது இதற்காகத்தான். தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவதற்காக மட்டும் அல்ல.

இவர்களிடம் கேட்கும் விதம் ஒன்று உண்டு. “வருகையை மேம்படுத்த உங்கள் ஆலோசனை என்ன?” என்று கேட்டால், “பிள்ளைகளை ஒழுங்கா அனுப்பணும் டீச்சர்” என்று ஒரு மேடைப் பதில் வரும். சார்ட்டைச் சுவரில் மாட்டிவிட்டு, ஒரு புள்ளியைத் தொட்டுக் கேளுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

“அக்கா, பிப்ரவரி மாசம் பாருங்க, பதிவேட்டைப் பிரிச்சுப் பாத்தா திங்கக்கிழமைதான் ஆள் குறையுது. மத்த நாள் பரவாயில்ல. ஏன்னு புரியலக்கா.”

“திங்கக்கிழமை எங்க டீச்சர் வரும்? ஞாயித்துக்கிழமை மரம் உலுக்குறாங்கள்ல. மறுநாள் பூராம் வீட்டுல புளிதான். பெரியவுக ஓடு உடைப்பாக, இதுக கொட்டை தட்டும்.”

“எல்லா வீட்டுலயுமா?”

“எல்லா வீட்டுலயும் இல்ல. கைப்பிள்ளை இருக்குற வீட்டுலதான் பெரிய பொம்பளப்பிள்ளைய நிறுத்திருவாக. அம்மாக்காரி தோப்புக்குப் போனா தொட்டிலை யாரு ஆட்டுறது?”

ஒரே பேச்சில் இரண்டு வேறு காரணங்கள் வந்துவிட்டன. கொட்டை தட்ட நிற்கும் பிள்ளை ஒரு வகை, தம்பியைப் பார்க்க நிற்கும் அக்கா இன்னொரு வகை. ‘வீட்டுச் சூழல்’ என்று கோப்பில் எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், அதற்கு மேல் செய்ய ஒன்றும் இராது. ‘வீட்டுச் சூழல்’, ‘பெற்றோரின் அக்கறையின்மை’, ‘மெல்லக் கற்போர்’ இந்த மூன்று சொற்களையும் திட்டக் கோப்பில் எழுதுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய இடத்தில் யோசனை நின்றுவிடுகிறது.

காரணம் கிடைத்ததும் மூன்று பத்தியாகப் பிரியுங்கள். நம் கையில் இருப்பது, கை எட்டும் தூரத்தில் இருப்பது, மனு எழுத வேண்டியது. திங்கட்கிழமை முதல் பாடவேளையில் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்ததை வைப்பதும், வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒன்பது மணிக்குள் ஒரு போன் போடுவதும் நம் கையில் இருப்பவை. தோப்பு வேலைக்குப் போகும் நேரத்துக்கு அங்கன்வாடி திறந்திருக்கிறதா, இரண்டு வயது நிரம்பிய தம்பியை அங்கே விட முடியுமா என்று பேசுவது கை எட்டும் தூரம். மலையடிவாரத்துக்குக் காலை பஸ் நேரத்தை மாற்றக் கேட்பது மனு. மனுவை எழுதுங்கள், ஆனால் மனுவின் பதிலுக்காக முதல் பத்தியை நிறுத்தி வைக்காதீர்கள்.

இரண்டு ஒழுங்குகள். கூட்டத்தில் எண்களை வையுங்கள், பெயர்களை வைக்காதீர்கள். ஆறு பிள்ளைகளின் பெயர்கள் ஆசிரியர்களின் நோட்டில் இருக்கட்டும். ஊர்க் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, “இதுக்கு இன்னும் படிக்கத் தெரியாது” என்றால், அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாய் வரமாட்டார். இரண்டாவது, நேரம். மூன்று மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, தையல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவர்கள் வரவில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை. வேலை விட்டு வரும் நேரத்தை அவர்களையே கேட்டு வையுங்கள். கூட்டம் அரை மணி நேரம், சார்ட் ஒன்று, கேள்வி ஒன்று.

குறுவள மையக் கூட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். ஈராசிரியர் பள்ளிக்குச் சக ஆசிரியர்கள் கிடைப்பது அங்கேதான். அந்த நாளில் பெரும்பகுதி படம் போட்டுக் காட்டுவதிலேயே கழிகிறது என்பது தெரிந்த கதை. மதியச் சாப்பாட்டு வேளை உங்களுடையது. இரண்டு பிள்ளைகளின் நோட்டை எடுத்துப்போய், பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் காட்டி, “இந்தத் தப்புக்கு நீங்க என்ன செய்றீங்க சார்?” என்று கேளுங்கள். ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரே பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பிறகு உட்கார்ந்து பேசும் வழக்கம் நூறு ஆண்டுக்கும் மேலாக இருக்கிறது. அங்கே ஆசிரியரை யாரும் மதிப்பெண் போட்டுப் பார்ப்பதில்லை, பாடத்தைத்தான் பார்க்கிறார்கள். நமக்கு அதன் சிறு வடிவம் போதும்.

ஆறு வாரம்

திட்டமிடு, செய், பார், திருத்து. இந்த நான்கு சொல் சுழற்சி தொழிற்சாலையில் பிறந்தது. அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் தொடங்கி வைத்ததை எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வந்தது. தொழிற்சாலைச் சரக்கு என்பதால் பள்ளிக்காரர்களுக்கு அதன்மேல் ஒரு சந்தேகம் உண்டு. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: சுழற்சி சிறியதாக இருக்க வேண்டும். மூன்றாண்டுத் திட்டம் சட்டத்துக்கு. பிள்ளைக்கு ஆறு வாரத் திட்டம். ஒரு பருவத்தில் தாராளமாக ஒரு சுழற்சி, கெட்டிக்காரத்தனமாக இருந்தால் இரண்டு.

இலக்கை எழுதும்போது, “மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்” என்று எழுதினால் அது நிறைவேறியதா என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அது எல்லாக் கோப்பிலும் இருக்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள்:

“ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்குள், ஒகர வரிசையில் தடுக்கும் 5 பேரில் குறைந்தது 4 பேர், தாங்கள் இதுவரை பார்க்காத ஒரு பத்தியை, அந்த வரிசையில் ஒரு தவறுக்கு மேல் இல்லாமல் படிப்பார்கள். தினமும் காலை இறைவணக்கம் முடிந்ததும் 20 நிமிடம், இடைநிலை ஆசிரியர் இந்த ஐவரோடு உட்காருவார். அந்த நேரத்தில் மற்ற 43 பேரையும் தலைமை ஆசிரியர் கதை வாசிப்பில் வைத்திருப்பார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோடு எண்ணுவோம். கணக்குப் பாடம் கெடுகிறதா என்று வார வாய்ப்பாட்டுச் சோதனையில் பார்த்துக்கொள்வோம்.”

யார், எப்போது, எத்தனை நிமிடம், எப்படித் தெரியும், எது கெட்டுப்போகலாம்: ஐந்தும் இருக்கின்றன. கடைசியதை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். வாசிப்புக்கு 20 நிமிடம் எடுத்தால் அது வேறெதிலிருந்தோ போகிறது. இன்னொன்று, ‘இதுவரை பார்க்காத பத்தி’ என்ற சொற்கள். பழகிய பத்தியைப் பிள்ளை மனப்பாடமாக ஒப்பித்துவிடும், நாமும் மகிழ்ந்துவிடுவோம். மாலையில் சிறப்பு வகுப்பு என்று எழுதும் முன் கடைசி பஸ் நேரத்தைப் பாருங்கள்.

இரண்டாம் வாரத்தில் கோடு குறையாவிட்டால் ஆறாம் வாரம் வரை காத்திருக்காதீர்கள். முதலில் கேட்க வேண்டியது, திட்டமிட்டபடி நடந்ததா என்பது. பத்து நாளில் ஆறு நாள் பயிற்சி, ஆய்வு, பதிவேற்றம் என்று போயிருந்தால் முறையைக் குறை சொல்ல முடியாது. பத்து நாளும் நடந்தும் குறையவில்லை என்றால்தான் முறையை மாற்ற வேண்டும்: அட்டையை விட்டு மணலில் எழுதுவது, ஐவரை இருவர் மூவராகப் பிரிப்பது, பிள்ளைகளையே எழுத்தாக நிற்கவைத்து நடுவில் ‘க’, இருபுறமும் கொம்பும் காலும் என்று ஆடவிடுவது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

பிரேசிலின் வடகிழக்கில் சோப்ரால் என்று ஒரு நகரம், ஏழ்மையான பகுதி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிப் பார்த்தபோது, சுமார் பாதிப் பேருக்குப் படிக்க வரவில்லை என்று தெரிந்தது. வாசிப்பு ஒன்றை முதன்மை இலக்காக எடுத்துக்கொண்டு, அடிக்கடி சோதித்து, தலைமை ஆசிரியர்களைத் தகுதி பார்த்து நியமித்து வந்தார்கள். 2015இலும் 2017இலும் அந்த நாட்டின் கல்வித் தரக் குறியீட்டில் தொடக்கநிலையில் முதலிடம். பதினைந்து ஆண்டு ஆனது என்பதையும் சேர்த்தே கவனியுங்கள்.

எண் கெட்டுப்போகும் விதம்

ஒரு எண்ணை வைத்து ஆளைத் தண்டிக்கப்போகிறோம் என்று தெரிந்த மறுநாளே அந்த எண் நன்றாகிவிடும். பிள்ளை அதே இடத்தில் இருக்கும். டொனால்ட் கேம்பெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களிலேயே இதை எழுதி வைத்தார். நமக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு காட்டுவதற்காக, ஒன்பதாம் வகுப்பிலேயே சில பிள்ளைகளை மெல்ல வெளியே வழியனுப்பும் வழக்கத்தைக் கேள்விப்படாத உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் உண்டா? உயர்நிலைப் பள்ளி என்றால் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் கட்டாயம் எழுதுங்கள்: ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள். சேர்க்கை நீக்கப் பதிவேட்டில் ஒரு மணி நேர வேலை அது. அந்த எண்ணை யாரும் உங்களிடம் கேட்கவில்லை என்பதுதான் அதன் மதிப்பு.

தொடக்கப் பள்ளியில் ஆபத்து வேறு மாதிரி. கோடு எண்ணும் தாளை வட்டாரக் கல்வி அலுவலரின் பார்வைக்கு என்று அழகாகப் படியெடுத்து வைக்கத் தொடங்கினால், கோடுகள் குறைந்துகொண்டே வரும். அந்தத் தாள் பள்ளிக்குள் இருக்க வேண்டியது. ஆய்வுக்கு வருபவர் கேட்டால் காட்டுங்கள், பெருக்கி மெழுகிக் காட்டாதீர்கள். ஐந்தில் இரண்டு பேர்தான் தேறினார்கள் என்றால் இரண்டு என்றே எழுதியிருக்கட்டும். மூன்று பேர் ஏன் தேறவில்லை என்று நீங்கள் எழுதிய நான்கு வரியை அவர் படித்தால், அதற்கு மேல் ஒரு நல்ல அலுவலர் திட்டுவதற்கு ஒன்றும் இராது. திட்டினால் அது வேறு பிரச்சினை, இந்த நூலின் எல்லைக்கு வெளியே.

ஒரு சார்ட், ஒரு நோட்டு, மாதம் அரை மணி நேரக் கூட்டம், ஆறு வாரத்துக்கு ஒரு கேள்வி. இதற்கு மேல் புதுப் படிவம் எதையும் உருவாக்காதீர்கள். உருவாக்கினால் அதையும் நிரப்ப வேண்டியிருக்கும்.

நோட்டு யாருக்கு

மாறுதல் கலந்தாய்வு வரும். நீங்கள் வேறு ஒன்றியத்துக்குப் போகலாம். பொறுப்பு ஒப்படைக்கும்போது இருப்புப் பதிவேட்டைப் பார்த்து நாற்காலி, பீரோ, தராசு, தேசியக் கொடி என்று எண்ணிக் கொடுப்பீர்கள். அந்தப் பட்டியலின் கடைசியில் இந்த நோட்டையும் சேர்த்து, வாங்குபவரின் கையெழுத்தையும் பெறுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவருக்கென்று மூன்று குறிப்புகள் எழுதிவையுங்கள்: எதைச் செய்து பார்த்துப் பலிக்கவில்லை, அடுத்த ஜூனில் எந்தப் பிள்ளைகளை முதல் வாரத்திலேயே உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், புளி உலுக்கத் தொடங்கும் நாளை யாரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்.